தளர்ந்த கைக்கு என்ன வார்த்தை

பதினோரு பேர் அவருடைய கழுத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். கையை முறுக்கியவர்களும் வயிற்றில் குத்துவதுபோல ஓங்கியவர்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை. எல்லோரிடமும் அப்படிச் செய்து காட்டச் சொன்னது அவர்தான்.

நாற்பத்தெட்டு வயதுப் பெண். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் தமிழில் சொல்வதை, நீதிபதி படிக்கும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது வேலை. வேலையில் சேர்ந்த புதிதில், தெம்பு போன எல்லோருக்கும் ‘வீக்கன்’ என்ற ஒரே சொல்லைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கத்திக்குத்து வழக்கில் நீதிபதி நிமிர்ந்து, குத்துப்பட்டவன் சட்டென்று தளர்ந்தானா, மெல்ல மெல்லத் தளர்ந்தானா என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய சாட்சி அதற்குள் ஊருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து, நடந்ததை உடம்பால் காட்டாமல் யாரையும் அவர் விடுவதில்லை.

தொட்டித் தண்ணீருக்குள் தலையை அழுத்திப் பிடிக்கப் பிடிக்க ஒருவனுடைய உதைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தால், அதற்கு ‘எப்’. சுத்தியலடியில் முட்டி மடங்கி மொத்தமாகச் சரிந்தால் ‘கொலாப்ஸ்’. தொடையில் ரத்தம் போகப் போக நடை தடுமாறி, நின்று, மறுபடி நடந்தால் ‘ஃபால்டர்’. உதவிக்குக் கூப்பிட்ட குரல் தேய்ந்தால் ‘ஃபேட்’. ‘வீக்கன்’ காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் என்பார்.

கணவர் லாரி மெக்கானிக். சாயங்காலம் மனைவியின் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பார்.

“இன்னைக்கு யாரு? புருஷனா, மாமியாரா?”

“மச்சினன். கத்தி.”

“அப்ப கழுத்துக்கு லீவு.”

போன மாதம் அவரிடம் வந்தது ஒரு சலவைக்காரியின் வழக்கு. ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் கூடத்தில் வேலை பார்த்த பெண். முப்பது வயதுகூட இருக்காது. தனியாக இருக்கும்போது மேஸ்திரி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று முதலாளியிடம் அவள் புகார் சொல்லியிருந்தாள். மறுநாள் மத்தியானம் மேஸ்திரி அவளைத் தேய்க்கும் மேசைமேல் மல்லாக்கத் தள்ளி, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான். கைக்கு எட்டிய இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் நெற்றிப்பொட்டில் அடித்தாள். ஒரே அடி. மண்டை உடைந்து, சூடு பட்ட கன்னத்தோடு அவள் மேலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனான்.

போலீஸில் அவள் சொன்னதை யாரோ அவசரமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அவன் பிடி ‘வீக்கன்’ ஆனது, பிறகு நான் அடித்தேன். அரசுத் தரப்பு அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கையில் வலு போனவனை அடிப்பது தற்காப்பு ஆகாது, கொலை.

ஜெயிலில் வக்கீல்கள் கைதிகளைப் பார்க்கும் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு மேசை, நான்கு நாற்காலி, கண்ணாடி பதித்த கதவு, கதவுக்கு வெளியே தமிழ் தெரியாத பெண் காவலர். வக்கீல் இளம்பெண். தமிழ் பேசுவாள், ஆனால் அவள் மொழிபெயர்ப்பு நீதிமன்றத்தில் செல்லாது.

“அக்கா, ‘லூசன்’னு மாத்திட்டா என்ன?”

“அவனே விட்டுட்டான்னு ஆயிரும். இது இன்னும் மோசம்.”

“அப்ப ‘ஸ்லாக்கன்’?”

“அது கயித்துக்குச் சொல்றது. என்ன நடந்துச்சுன்னே தெரியாம வார்த்தைய மட்டும் ஏலம் விட்டா எப்படிம்மா?” சலவைக்காரியின் பக்கம் திரும்பினார். “அவன் கை எப்படித் தளந்துச்சு?”

“தளந்துச்சுன்னா தளந்துச்சு. அதுக்கு மேல என்னக்கா இருக்கு?”

“அதுக்கு மேலதான் உன் தலையெழுத்து இருக்கு. எந்திரி. அவன் புடிச்ச மாதிரி என் கழுத்தப் புடி.”

சலவைக்காரி வக்கீலைப் பார்த்தாள். “வேணாங்கா. நனைஞ்ச விரிப்ப முறுக்கிப் புழியிற கை இது.”

“பூக்கட்டுற கையா இருந்தா உனக்கு நான் எதுக்கு? புடி.”

“வெளிய ஆள் நிக்குதுக்கா,” என்றாள் வக்கீல்.

“நீ கண்ணாடிய மறைச்சு நில்லு.”

வக்கீல் எழுந்துபோய்க் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றாள். மொழிபெயர்ப்பாளர் மேசைமேல் சாய்ந்து படுத்தார். சலவைக்காரியின் பெருவிரல்கள் அவருடைய தொண்டைக்குழிக்கு மேல் வந்து உட்கார்ந்தன. முதலில் சும்மா வைத்தாள். “இன்னும்” என்றார் இவர். அழுத்தினாள். “இன்னும்.” அந்த ‘இன்னும்’ பாதியில் அறுந்தது.

மூச்சு நின்றது. காதுக்குள் இரைச்சல் கேட்டது. எத்தனையோ பேருக்காக எழுதிக்கொடுத்த வரிகள்தான் இதெல்லாம். இருந்தாலும், கண்ணின் ஓரங்கள் இருண்டுகொண்டு வந்தபோது அவர் தன் கடமையை மறக்கவில்லை. அந்த விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் முன்னங்கை நடுங்கியது. பெருவிரல் ஒரு நூல் அளவு எழும்பியது. இரண்டு கையும் தளர்ந்தன. ஒரு வாய்க் காற்று உள்ளே போனது.

இதுதான், போதும் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். கைகள் கழுத்தைவிட்டு எடுபடவில்லை. கீழே நகர்ந்து, விரல்களைப் புதிதாகக் கோத்துக்கொண்டு, முன்னைவிட இரண்டு மடங்கு மூர்க்கமாக இறுக்கின.

“ஓஞ்சுது,” என்றாள் சலவைக்காரி. அவள் யாரையும் பார்க்கவில்லை. “கை ஓஞ்சுது அவனுக்கு. ஓஞ்சதும் மாத்திப் போட்டான். மாத்திப் போட்டு நெரிச்சான். அப்பதான் எடுத்தேன். அப்பதான்.”

போலீஸ் வாக்குமூலத்தில் இந்த ஒரு பிடி இல்லை. அவளே அதை மறந்திருந்தாள். கைகளுக்கு மட்டும்தான் அது நினைவிருந்தது. அதனாலேயே அவை நிற்கவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மேசையைத் தட்டினார். பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பிறாண்டினார். பிறாண்டிய கை பக்கவாட்டில் தொங்கிப்போனது. வக்கீல் ஓடிவந்து சலவைக்காரியின் தோளைப் பிடித்து இழுத்தாள். முழங்கை ஒன்று அவள் மூக்கில் இடித்து ரத்தம் வந்தது. கண்ணாடி மறைப்பு விலகியதும் காவலர் பாய்ந்து உள்ளே வந்தார். சலவைக்காரியின் முடியைச் சுருட்டிப் பின்னால் இழுத்து, முகத்தைத் தரையில் அடித்து, முதுகில் முழங்காலை ஊன்றினார். அவளுடைய பல் ஒன்று மேசைக் காலடியில் கிடந்தது.

காவலர் கேட்டதற்கு ஒரே அர்த்தம்தான். இவள் உங்களைத் தாக்கினாளா? ஆமாம் என்றால், கொலைவழக்குக்கு மேல் இன்னொரு வழக்கு. யாரைக் கண்டாலும் கழுத்தில் கைவைப்பவள் என்று அரசுத் தரப்பு சொல்லும். அதற்கப்புறம் எந்த வார்த்தை போட்டும் பிரயோசனமில்லை.

வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு, தமிழில் அவசரமாகச் சொன்னாள். “மயக்கம் வந்து விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. இவ தாங்கித்தான் புடிச்சான்னு சொல்லிருங்க. நான்தான் கண்ணாடிய மறைச்சு நின்னேன்னு தெரிஞ்சா என் வேலையும் போயிரும்.”

மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லப் பார்த்தார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. காவலர் அந்த மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் ஆள் கூப்பிடத் தொடங்கினார். இவர் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். தலையை ஆட்டினார். தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டி, சலவைக்காரியைக் காட்டி, தன் இரண்டு கையையும் தன் கழுத்திலேயே வைத்துக் காட்டினார். நான்தான் பிடிக்கச் சொன்னேன். காவலருக்குப் புரியும்வரை விடாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். மயக்கக் கதையை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால், கை மாற்றிப் பிடித்ததையும் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

அன்று வீட்டில் கணவர் தட்டை எடுக்கவில்லை. கழுத்தைப் பார்த்தார். இரண்டு வரிசையாக விரல் தடம், ஒன்று மேலே, ஒன்று கீழே.

“யாரு?” என்றார்.

மனைவி ஒரு தாளை இழுத்து, ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதினார். ‘டயர்’. கை களைத்தது, அவ்வளவுதான். வலு போகவில்லை, பிடியை விடவுமில்லை. சுமை தூக்குகிறவன் தோள் மாற்றுவதுபோல, களைத்தது, மாற்றிக்கொண்டது.

“இதுக்கா இவ்வளவு? எங்க ஷெட்டுல ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்றோம்,” என்றார் கணவர். பேச்சில் கேலி இல்லை. ஐஸ் எடுக்க எழுந்து போனார்.

டாக்டர் மொழிபெயர்ப்பாளரின் கழுத்திலிருந்த இரண்டு வரிசைத் தடங்களையும் படமெடுத்தார். செத்தவனின் கை அளவோடு, சம்பவத்தன்று சலவைக்காரியின் கழுத்தை எடுத்த படங்களிலும் இரண்டு வரிசை இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி வக்கீல் மனு போட்டாள். தான் கதவை மறைத்து நின்றதையும் அதில் அவளே எழுதினாள். அரசுத் தரப்பும் மொழிபெயர்ப்பாளரின் கழுத்துப் படங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறது, யாரைக் கண்டாலும் கழுத்தில் கைவைப்பவள் என்று காட்டுவதற்கு.

வழக்கில் சம்பந்தப்பட்டவர் மொழிபெயர்க்கக் கூடாது. அதனால் திங்கட்கிழமை அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். மத்தியானத்துக்கு மேல் இவரைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். முதலில் கேள்வி கேட்பது அரசுத் தரப்பு.