அக்கா வீட்டுச் சோடா

அன்றைக்கு அந்தச் சோடாவை நான் குடித்திருக்க வேண்டுமா, வேண்டாமா? மூன்று மாதமாக யோசிக்கிறேன். அரிசி களையும்போதும் யோசிக்கிறேன், மகளுக்குச் சீப்பால் தலை இழுக்கும்போதும் யோசிக்கிறேன். விடை வரவில்லை.

நான் உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். 'எல்லோரும் சமம்' என்று மேடையில் பேசி, பரிசாக ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கியவள். அந்தக் கிண்ணத்தில் இப்போது வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள் கிடக்கின்றன. கல்யாணமாகி உரும்பிராய்க்கு வந்த பிறகுதான், எப்படிச் சமமாக இருப்பது என்று அந்தப் பேச்சில் ஒரு வரிகூட இல்லை என்பது தெரிந்தது.

எங்கள் உடுப்புகளை வெளுக்க எடுத்துப் போகும் பெண் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் தெரு ஒழுங்கையில் பால்குடி மறவாத பிள்ளைகள்கூட அவரை 'நீ' என்றுதான் கூப்பிடும். நான் 'அக்கா, நீங்கள்' என்று தொடங்கினேன். மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். கணவர் மட்டும் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"இஞ்சரும், உம்மடை அக்கா வந்து நிக்கிறா. அப்ப எனக்கு மச்சாள் முறையெல்லே?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் கணக்குப் போட்டாள். அம்மாவுக்கு அக்கா என்றால் தனக்குப் பெரியம்மா. அடுத்த நாள் வாசல் படலையில் நின்று, "பெரியம்மா வாறா!" என்று கத்தினாள். மாமியார் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

பிறகு அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. பெரியபிள்ளையான சடங்குக்கு ஒழுங்கை முழுக்கச் சொன்னார். எங்கள் ஆட்கள் இப்படியான அழைப்புக்குத் தலையாட்டுவார்களே தவிரப் போகமாட்டார்கள். நான் மகளோடு போனேன். கட்டிக்கொண்டு போன சேலையும் அக்கா வெளுத்துக் கஞ்சி போட்டதுதான். அவர் கைபட்ட சேலை எங்கள் உடம்பில் படலாம். அவர் கைபட்ட தேத்தண்ணி மட்டும் தொண்டையில் இறங்கக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

எல்லோருக்கும் தேநீர் வந்தது. எனக்கு மட்டும் தட்டில் வைத்து ஒரு சோடாப் போத்தல். என் கண் முன்னாலேயே அக்காவின் கணவர் மூடியை உடைத்தார். கடையில் அடைத்தது, அந்த வீட்டுக் கை உள்ளே படவில்லை என்று காட்டத்தான். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்குமே வரிசையில் நிற்கும் காலத்தில் சோடாவுக்கு எங்கே போனாரோ!

"அக்கா, எனக்கும் தேத்தண்ணி தாங்கோவன்."

"வேண்டாம் பிள்ளை. உந்தப் போத்திலுக்காக மனுசன் நீர்வேலி, சுன்னாகமெண்டு சைக்கிள் உழக்கினது. நீங்கள் குடியாட்டி இண்டைக்கு என்னோடை கதைக்கமாட்டார்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை தேத்தண்ணி குடிச்சதெண்டு கதை போனால் உங்களுக்கு ஒண்டுமில்லை. 'ஏன் குடுத்தனீ' எண்டு என்னைத்தான் கேப்பினம். நாலு வீடு உடுப்புத் தராமல் விட்டால் நான் என்ன செய்ய?"

குடித்தேன், சோடாவின் காரம் மூக்கில் ஏறியது. பேச்சுப் போட்டியில் வாயால் வந்த சமத்துவம் அன்று மூக்கால் வந்தது; கண்ணீரும் கூடவே. அதற்குள் என் மகள் யாருடைய தேநீரையோ வாங்கி முக்கால்வாசி முடித்திருந்தாள்.

"பெரியம்மா, சீனி காணாது!"

"சீனிக்கு எங்கை போறது, என்ரை குஞ்சு? பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடி."

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அம்மா, நீங்கள் ஏன் பெரியம்மா வீட்டுத் தேத்தண்ணி குடிக்கேல்லை? கூடாதோ?"

"நல்ல வெய்யில், மகள். அம்மாவுக்குத் தாகம்" என்றேன். பரிசு வாங்கிய வாய்!

வருகிற மாதம் அக்காவின் தம்பிக்குக் கல்யாணம். அழைப்புச் சொல்லிவிட்டார். அவர் கணவர் இப்போதே சோடா தேடத் தொடங்கியிருப்பார். தேநீர் கேட்டு நான் நல்லவளானால், அதன் ஏச்சு அக்காவுக்கு. சோடாவைக் குடித்தால், 'கூடாது' என்பதை மகள் என்னிடமே படிப்பாள்.

வாசிக்கிறவர்களே, நான் என்ன செய்யட்டும்? எழுதுங்கள். 'போகாமல் விடு' என்று மட்டும் வேண்டாம். அந்த ஆலோசனையை மாமியார் ஏற்கெனவே தந்துவிட்டார்.