லுவெட்டா சொல்ல வைத்த பெயர்

என் நாத்தனார் லுவெட்டா டார்வரைத் தெரியாதவர்கள் அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிற எங்கள் டன்ஸ்பி ஊரில் கிடையாது. உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தின் முன் மேசை அவளுடையது. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், காய்ச்சல் என்று அழைத்துப் போக வருகிறவர்கள், வாத்தியாரோடு சண்டை போட வருகிறவர்கள், எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். இவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் அதே பள்ளியின் சமையல்கட்டில் மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு வரைக்கும் கேட்டால் நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு மரியாதை செய்யப் போய் அந்தக் குடும்பத்தின் தலைவனையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டாள்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. 1970இல் கோர்ட்டு சொல்லி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கினார்கள் என்பது பேச்சுக்கு. எங்கள் பள்ளியைப் பூட்டினார்கள், விளையாட்டில் ஜெயித்த கோப்பைகளைக் குப்பையில் போட்டார்கள், எங்கள் தலைமை ஆசிரியரை பஸ்களைக் கவனிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் ஒரே கோடையில் தங்களுக்கென்று தனியார் பள்ளி ஒன்றைக் கட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். வசதியில்லாதவர்கள் எங்களோடு உட்கார்ந்தார்கள். சண்டை வராமல் இருக்க ஊர்ப் பெரியவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதன்படி இனிமேல் பள்ளிக்கு ராணி இரண்டு பேர், ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு.

ராணி என்பது எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு அக்டோபரிலும், பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிற வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் நடக்கும். இடைவேளையில், பிள்ளைகள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடப்பாள். ஊர் முழுக்க மைதானத்துப் படிவரிசைகளில் உட்கார்ந்திருக்கும். அப்பா, மகள் இருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

கறுப்பு ராணிகளில் முதல் ஆள் லுவெட்டாதான். அன்றைக்கு வெள்ளை ராணியின் அப்பாவை மிஸ்டர் இன்னார் என்று முழுப்பெயர் சொல்லி அழைத்தார்கள். அவள் அப்பா, அதாவது என் மாமனார், மர அறுவை ஆலையில் வேலை செய்தவர். அவருக்கு வெறும் "ஓட்டிஸ்". மிஸ்டர் கிடையாது, குடும்பப் பெயர் கிடையாது. நாயைக் கூப்பிடுகிற மாதிரி. அவர் தலை நிமிராமல் நடந்தார். லுவெட்டா அலுவலக வேலையில் சேர்ந்ததும் முதல் காரியமாக அந்த அறிவிப்பை எழுதுகிற வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எந்த அப்பாவாக இருந்தாலும் மிஸ்டர் போட்டு முழுப்பெயர், பார்க்கிற வேலை, போகிற தேவாலயம், எல்லாம் சொல்லியாகவேண்டும். சாக்கடை அள்ளுகிறவர்கள்கூடத் தங்கள் பெயரைக் கேட்டு மைதானத்திலேயே அழுதிருக்கிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் எங்கள் தோலில் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

வருஷங்கள் போகப் போகப் பள்ளி மாறியது. எனக்கு அது தட்டு நீட்டுகிற கைகளில் தெரிந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வெள்ளைக் கைகள் குறைந்தன. பிறகு ஊருக்கு வெளியே கோழித் தொழிற்சாலை பெரிதானது, குவாத்தமாலா மலைப்பக்கத்து ஜனங்கள் வேலைக்கு வந்தார்கள், அவர்கள் பிள்ளைகளும் வந்தார்கள். முதலில் நான் வைத்த கீரையைத் தொடவே இல்லை. காரச் சாஸ் பாட்டில் ஒன்றை வரிசைக் கடைசியில் வைத்தேன், தட்டு காலியானது. அந்தக் கடைசி வருஷங்களில் உணவு அறையில் வெள்ளைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மேசையில் அடங்கினார்கள். மிச்ச இடத்தில் பாதி நாங்கள், பாதி அவர்கள். ஆனால் கிரீடம் மட்டும் பழையபடி இரண்டு.

அப்படியிருக்கும்போதுதான் பிள்ளைகள் எலீடா இஷ்கோயின் பெயரை முன்மொழிந்தார்கள். கடைசி வருஷப் பெண். குவாத்தமாலாக்காரப் பெற்றோர் யார் வந்தாலும் லுவெட்டாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாள். லுவெட்டாவுக்கு அவள் என்றால் உயிர்.

தலைமை ஆசிரியர் ஹாலிஸ் பீட்டி எங்கள் ஆள்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. நான் காபி கொண்டுபோனபோது மேசைக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ண எந்தப் பக்கம் நிறுத்துறது லுவெட்டா? வெள்ளைப் பக்கமா, நம்ம பக்கமா?"

"சேர்க்கைக் காகிதத்துல அவங்க அம்மாப்பா வெள்ளைன்னுதான் டிக் போட்டிருக்காங்க. வேற எங்க போடுவாங்க பாவம்? அவங்களுக்குன்னு ஒரு கட்டமா இருக்கு?"

"வெள்ளைப் பக்கம் ஷெல்ட்டன் அம்மா மக நிக்கிறா. அந்தம்மா என்னத் தின்னுரும்."

"தின்னட்டும். அஜீரணம் அவளுக்குத்தான்."

நான் குறுக்கே புகுந்தேன். "நம்ம பக்கம் போட்டா என்னவாம்?"

"நம்மாளுங்க என் வீட்டு ஜன்னல உடைப்பாங்க ஆர்ஸெல்லா. நமக்கு இருக்கிறதே ஒண்ணு, அதையும் தூக்கிக் குடுக்கிறியாம்பாங்க. நீயே மொதக் கல்ல எறிவ" என்றார் பீட்டி.

எறிந்திருப்பேன். பொய் சொல்வானேன்?

எலீடா வெள்ளைப் பக்கத்தில் நின்றாள், ஜெயித்தாள். ஓட்டுப்போடுகிற பிள்ளைகள் யார் என்று பார்த்தால் அதில் ஆச்சரியமே இல்லை. மறுநாள் காலை தோற்ற பெண்ணின் அம்மா லீஆன் ஷெல்ட்டன் கண் வீங்கி வந்தாள்.

"எம் பொண்ணு சின்னதுலேர்ந்து இதுக்காகக் காத்திருந்தா, மிஸ் லுவெட்டா. இந்தப் பள்ளிக்கூடத்துல எங்களுக்குன்னு மிச்சமிருந்தது இது ஒண்ணுதான்."

"ஓட்டு வாங்கினா குடுக்கப்போறோம். யாரு வேணாம்னா?"

"அவ வெள்ளையா? உங்க மனசத் தொட்டுச் சொல்லுங்க."

லுவெட்டா தொலைபேசியை எடுத்துக்கொண்டாள். தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாததால்தான் லீஆன் மகளை எங்கள் பள்ளியில் விட்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இப்போது இல்லை.

அன்று மதியம் எலீடா வந்து மேசை ஓரத்தில் நின்றாள்.

"மிஸ் லுவெட்டா, அறிவிப்புல அப்பா பேர விட்டுரலாமா? எம் பேரு மட்டும் போதும்."

"ஏன்? கோழி வெட்டுறவர்னு சொல்ல வெக்கமா?"

"அய்யோ, அதில்ல மேம்."

"பின்ன எது?"

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? அவள் அப்பா பாஸ்குவால் தொழிற்சாலையில் பாஸ்குவால் இல்லை. குடியேற்றக் காகிதம் இல்லாததால், யாரோ ஒருவனுடைய அடையாள அட்டையைக் காசு கொடுத்து வாங்கி, ரூபன் சலீனாஸ் என்ற பெயரில் வேலை செய்துகொண்டிருந்தார். சொந்தப் பெயரும் தொழிற்சாலையின் பெயரும் ஒரே வாக்கியத்தில் ஊருக்கு முன்னால் சொல்லப்பட்டால் வேலை போகும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம். நாடுகடத்திவிடுவார்கள். இது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்குப் பால்குடி மறந்ததிலிருந்தே சொல்லி வைத்திருந்தார்கள்.

லுவெட்டாவுக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவைப் பார்த்துக் கூச்சப்படுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். அவளுக்கு அந்த இடத்தில் ஒரு புண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், இஷ்கோய் குடும்பம் இருந்த தகர வீட்டுக்கு வண்டியை விட்டாள். நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள், அதுவும் பெருமையாக.

பாஸ்குவால் எழுந்து நின்றாராம். கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்காமல் வீங்கியிருந்தன. இவள் உட்கார்ந்து ஒரு பிரசங்கமே செய்திருக்கிறாள்.

"உங்க பேரு ஊர் பூராக் கேக்கணும் சார். மிஸ்டர் போட்டுக் கேக்கணும். எங்கப்பாவுக்கு அது கெடைக்கல. உங்க பொண்ணு வேணாங்கிறா. வயசு அப்படி, மன்னிச்சுருங்க."

எலீடா தலை குனிந்தபடி மொழிபெயர்த்தாள். அம்மா மிகேலா அவர்கள் மலைப் பாஷையில் படபடவென்று ஏதோ சொன்னாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"காபி குடிக்கிறீங்களான்னு கேக்கறாங்க."

பாஸ்குவால் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் பாஷையில், ஒவ்வொரு சொல்லாக, அவரே சொன்னாராம்: "பாஸ்குவால் இஷ்கோய் சோலிஸ்." இவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லி, உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். எதற்காக அந்த மனிதர் சம்மதித்தார் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து ஒருமுறையாவது தன் பெயரை வெளியே கேட்க ஆசைப்பட்டிருப்பார். மனுஷன்தானே.

வெள்ளிக்கிழமை வந்தது. பாஸ்குவால் போட்டிருந்த கோட்டு என் வீட்டுக்காரருடையது. கால்சட்டையின் அடியை நான்தான் மடித்துத் தைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் அப்பாவும் மகளும் புல்லில் இறங்கினார்கள்.

"எலீடா இஷ்கோய்! மிஸ்டர் பாஸ்குவால் இஷ்கோய் சோலிஸ் அவர்களின் மகள். தந்தை நம் ஊர்க் கோழித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் பிரிவில் பணிபுரிகிறார்..."

தொழிற்சாலை ஜனங்கள் கத்திய கத்தலில் தேவாலயத்தின் பெயர் எனக்குக் கேட்கவே இல்லை. எங்கள் ஆட்களும் எழுந்து நின்று தட்டினார்கள். பாஸ்குவால் நேராகப் பார்த்து நடந்தார். மகள் முகத்தில்தான் ரத்தம் இல்லை. கிரீடம் வைக்கும்போது அவள் அழுதாள். லுவெட்டா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியாடி? சந்தோஷத்தப் பாத்தியா?"

எனக்குப் பின் வரிசையில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆளிடம் திரும்பி, "என்னப்பா இது, நம்ம ரூபன் இல்ல அவன்? சோலிஸ்ங்கிறாங்க?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரித் தெரியவில்லை, வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் குரல் பெரிய குரல். சுற்றியிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. லீஆன் ஷெல்ட்டன் அதே வரிசையில் இருந்தாள். குடியேற்ற அதிகாரிகளுக்குப் போன் போட்டது அவள்தான் என்று நான் சொல்லவில்லை. யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

அடுத்த வாரத்திலேயே தொழிற்சாலை வாசலில் அந்த அதிகாரிகளின் வண்டிகள் வந்து நின்றன. ஒருவரைத் தேடி வந்தவர்கள் ஒருவரோடு போகவில்லை, பெயர் ஒத்துப்போகாதவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நான் வழக்கம்போல் எல்லோருக்கும் சமைத்தேன். மணி அடித்தது. வரிசை வந்தது, பாதியில் நின்றுவிட்டது. காரச் சாஸ் பாட்டிலை யாரும் தொடவில்லை. சோளரொட்டியைத் தட்டுத் தட்டாகக் குப்பையில் கொட்டினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் லுவெட்டா ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். பெரிய ஊருக்குப் போய் வக்கீலைப் பிடித்தாள். பாதிரியாரை நச்சரித்தாள். அடைத்து வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்து மாநிலத்துக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். சொந்தக்காரர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாஸ்குவாலை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பவே இல்லை. ஷெல்ட்டன் பெண்ணும் எப்படியோ தனியார் பள்ளிக்குப் போய்விட்டாள். வசந்த காலத்தில் கல்வி வாரியம் தலைகளை எண்ணியது, போதவில்லை என்றது, பள்ளியை மூட ஓட்டுப்போட்டது. இப்போது எங்கள் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து பக்கத்து ஊருக்கு பஸ் ஏறுகிறார்கள். ஒன்றாக்குவது என்று அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எலீடா படிப்பை முடிக்கவில்லை. அப்பா நின்ற அதே வரிசையில், எலும்பு நீக்கும் பிரிவில் சேர்ந்துவிட்டாள். இங்கே பிறந்தவள், சொந்தப் பெயரிலேயே சேர்ந்தாள்.

லுவெட்டா அந்த வீட்டுப் பக்கம் போகப் பயந்தாள். என் நாத்தனார் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். "போய்ட்டு வந்துரு, இல்லன்னா செத்துருவ" என்று நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மத்தியானம். எலீடா ரப்பர் பூட்ஸோடு கதவைத் திறந்தாள். தலைமுடியை வலைக்குள் கட்டியிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் லுவெட்டா. "ஆண்டவர் மேல ஆணையா எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

எலீடா கோபப்படவில்லை. அலுவலகத்தில் பேசுகிற அதே பணிவோடுதான் பேசினாள்.

"சொன்னேனே, மிஸ் லுவெட்டா. வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு சொல்லல, அதனால நீங்க காதுலயே வாங்கல."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அந்தப் பெண் எங்களைத் தாண்டி இறங்கி, தொழிற்சாலை வேன் நிற்கிற இடத்துக்கு நடந்து போனாள்.