பேச்சுக்கு அழகு சேர்க்க

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆங்கில வாத்தியார். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஒருவர் சம உரிமை கேட்டு ஆற்றிய புகழ்பெற்ற உரையைப் பாடமாக நடத்தினேன். ஒரே தொடரை அவர் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று தேர்வில் கேட்டிருந்தேன். பேச்சுக்கு அழகு சேர்க்க என்பது நோட்ஸில் உள்ள விடை. காலனியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, முதல் தடவை சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் முட்டை போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, பட்டா மாறுதலுக்காகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் அந்த மாணவியின் அம்மா நின்றிருந்தார். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனு.

"போன வாரமும் இதையேதானம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்று சலித்துக்கொண்டார் மனு வாங்கியவர்.

"ஆமாங்கய்யா. இன்னமும் பொணத்தை அடுத்தவங்க வரப்புலதான் தூக்கிட்டுப் போறோம்."

அந்த அம்மா என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். என் சூடு சொரணை அவ்வளவுதான்.

மறுநாள் மதிப்பெண்ணை மாற்றவில்லை. பொதுத்தேர்வு வருகிறதே. வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்லி, நோட்ஸ் விடையை மூன்று தடவை சொல்ல வைத்தேன். அவளும் மூன்று தடவை சொன்னாள்.