ரானல்ட் வீட்டு ஜோடி

மார்செல்லா அத்தை யாரையும் "நல்லா இருக்கியா?" என்று விசாரித்து நான் கேட்டதில்லை. தொலைபேசியை எடுத்ததும் அவள் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன சமையல்?" கால்கரியில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி அதற்குக் கொஞ்சம் யோசித்தால் போதும், அவனுக்கு வேலை போய்விட்டது என்றோ, மனைவி கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றோ அத்தை கண்டுபிடித்துவிடுவாள். "நல்லா இருக்கேன்னு எவன் வேணும்னாலும் சொல்லிடுவான். சாப்பாட்டுல பொய் சொல்றதுக்குத் தனித் திறமை வேணும்" என்பாள்.

வார நாட்களில் மார்கரி ஆற்றோரம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, தொலைபேசியில் எங்கள் கில்லிஸ் குடும்பத்தையே ஓட்டுவாள். பாஸ்டனில் ஒரு படகுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகளில் அண்ணனிடம், "உன் முழங்கால் எப்படி இருக்குன்னு அவன் கேட்டான்" என்றாள். தம்பியிடம், "உன் பொண்ணு படிப்பு பத்தி அவன் பெருமையா சொன்னான்" என்றாள். உண்மையில் இருவரும் அப்படி வாயே திறந்ததில்லை. அடுத்த குளிர்காலத்தில் இருவரும் ஒன்றாகப் பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "நரகத்துல எனக்கு இடம் போட்டாச்சு. ஆனா என் சாவுக்கு ரெண்டு பேரும் ஒரே கார்ல வருவானுங்க பாரு" என்றாள் அத்தை.

இப்படிப்பட்டவளையே ஆட்டிவைத்த கோடை ஒன்று வந்தது.

எங்கள் குடும்பம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடும். பெரிய ஃபின்லேயின் நான்கு மகன்கள் ஆங்கஸ், நீல், ஆர்ச்சி, ரானல்ட் ஸ்காட்லாந்திலிருந்து ஒரே கப்பலில் வந்து இந்தத் தீவில் காடு வெட்டியவர்கள். கூடுகையின் இரண்டாம் நாள் மாலை, ஊர் ஹாலில் முதல் ஆட்டத்துக்கு நான்கு ஜோடிகள் சதுரமாக நிற்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் அந்தந்தச் சகோதரர் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். கூட ஆடுகிறவர் யாராகவும் இருக்கலாம். நான்கு வீடும் நின்ற பிறகுதான் வயலின். அதற்கப்புறம் விடிய விடிய யாரும் யாருடனும் ஆடலாம்.

ரானல்ட் வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் ஹெக்டர். கல்யாணம் செய்துகொள்ளாத மரம்வெட்டி. கூடுகைக்குக் கூடுகை புதுச் சட்டையில் வந்து, யாராவது ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு நான்காவது ஜோடியாக நிற்பார். அந்த வசந்தத்தில், ஆற்றில் பனி உடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில், அவர் இறந்தார்.

அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போதே லாக்கி தாத்தா பேச்சை எடுத்துவிட்டார். அத்தைக்கு அவர் சித்தப்பா. ஆங்கஸ் வீட்டுப் பெரியவர். எண்பத்தேழு வயதிலும் பன்னிரண்டு தலைமுறை அப்பாக்களின் பெயரை மூச்சு விடாமல் சொல்வார்.

"மார்செல்லா, மூணு காலு மேசையில சோறு போட முடியாது. ரானல்ட் வீடு இல்லன்னா முதல் ஆட்டம் இல்ல. முதல் ஆட்டம் இல்லன்னா அது என்ன கூடுகை? யார் வீட்டுக் கல்யாணமோ. இத்தோட நிறுத்திக்குவோம்."

"நிறுத்திட்டு? அப்புறம் இவங்கள்லாம் எங்க பாத்துக்குவாங்க?"

"சாவு வீட்டுல."

"சித்தப்பா, உனக்குப் பேச வாய் கொடுத்த கடவுள் ஒரு மூடியும் கொடுத்திருக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னாலும் அத்தை கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டாள். அவர் வரவில்லை என்றால் ஆங்கஸ் வீட்டில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஆங்கஸ் வீடு வராத இடத்துக்கு நீல் வீடு ஏன் வரப்போகிறது? இருபது வருடமாக அவள் கோத்த சரம் ஒரு முடிச்சில் தொங்கியது.

அன்றிலிருந்து ஞாயிறு மட்டுமல்ல, எல்லா மாலையும் தொலைபேசிதான். உருளைக்கிழங்கு அடுப்பில் கரிந்தது. பேருந்தில் ஏறும் பிள்ளைகளிடம்கூட, "உங்க வீட்டுல யாராவது ரானல்ட் வம்சமா?" என்று கேட்டாள். ஜூன் கடைசியில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். முகம் வெயில் பட்ட தகரக் கூரை மாதிரி மின்னியது.

"கிடைச்சிட்டான்டா! ஹாமில்டன்ல! டங்கன் கில்லிஸ். அப்பா ஜிம்மி, தாத்தா ரோரி, ரோரிக்கு அப்பா ரானல்ட். இந்தத் தீவுலேர்ந்து போனவங்க! பொண்டாட்டியோட வரேன்னுட்டான்!"

ஊரே பற்றிக்கொண்டது. ஆகஸ்டில் டங்கன் வந்து இறங்கியபோது அவரை மாப்பிள்ளை அழைப்பு போல அழைத்துப் போனார்கள். பெருத்த உடம்பு, சிரித்த முகம், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிற மனிதர். மனைவி மாரிசோல் பிலிப்பைன்ஸ் பெண், துறுதுறுவென்று எல்லாவற்றையும் விசாரிப்பவள். சிங்கி இறால், ஓட்ஸ் ரொட்டி, மீன் சூப் என்று முதல் நாள் வீட்டுக்கு வீடு இழுத்தார்கள். டங்கனின் காது ஹெக்டரின் காதேதான் என்று நீல் வீட்டுப் பெண்கள் முடிவு செய்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை. ஹால் நிரம்பி, வாசல் நிரம்பி, காரின் மேல்கூட ஆட்கள். முதல்முறை வருகிறவர் வாசற்படியில் நின்று தன் அப்பாக்களைச் சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். அதைக் கேட்பது லாக்கி தாத்தா. நான் பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எல்லா முகமும் தெரியும்.

டங்கன் படியில் நின்று தொண்டையைச் செருமினார். "டங்கன், ஜிம்மியின் மகன். ஜிம்மி, ரோரியின் மகன். ரோரி, ரானல்டின் மகன்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. லாக்கி தாத்தா கையைத் தூக்கினார்.

"ரானல்ட் யாரோட மகன்?"

"மில்லுக்கார ஹ்யூவோட மகன்."

பியானோ வாசிப்பவர் கட்டையிலிருந்து விரலை எடுத்தார். எங்கள் ரானல்டின் அப்பா பெரிய ஃபின்லே. மில்லுக்கார ஹ்யூ, மலைக்கு அந்தப்பக்கத்து கில்லிஸ். கப்பல் வேறு, ஊர் வேறு, இரத்தத்தில் ஒரு துளிகூட ஒட்டு கிடையாது.

"ஏம்மா மார்செல்லா," என்றார் லாக்கி தாத்தா மெதுவாக, "ரெண்டு நாளா நம்ம இறாலை மலைக்கு அந்தப்பக்கத்தான் தின்னுட்டிருக்கானா?"

"ஐயா, இறால் ரொம்ப நல்லா இருந்தது" என்றார் டங்கன். சிலர் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"ரானல்டுன்னு கேட்டதும் நிறுத்திட்டேன்" என்றாள். "இன்னும் ஒரே ஒரு பேர் கேட்டிருக்கணும். என் பயம், என் ஆசை... கேக்கலையே."

"சரி, விடு. வந்தவங்க சாப்பிட்டுப் போகட்டும்" என்று லாக்கி தாத்தா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆங்கஸ் வீட்டு ஆண்கள் இருவர் அவருடைய கோட்டை எடுக்கப் போனார்கள். வயலின்காரர் ஸ்டான்லி பெட்டியைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் அதன் மேல் கையை வைத்திருந்தார். பாஸ்டன் சகோதரர்கள் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மாரிசோலின் குரல் எழுந்தது.

"அப்பா வழி சரியா வரலன்னா அம்மா வழி பாக்கலாமே? எங்க ஊர்ல எல்லார் பேருக்கும் நடுவுல அம்மா வீட்டுப் பேர் இருக்கும்."

"என் அம்மா உக்ரைன்காரி, கண்ணு" என்றார் டங்கன். "அந்தப்பக்கம் போனா இன்னும் தூரமாயிடும்."

இந்த முறை ஹாலே சிரித்தது. அத்தை மட்டும் அப்படியே நின்றாள். கண் எங்கோ போயிருந்தது. பேருந்தைத் திருப்புவதற்கு முன் கண்ணாடியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து, டங்கனைத் தோளில் தட்டி ஒதுக்கிவிட்டு, அதே படியில் ஏறி நின்றாள்.

"மார்செல்லா, கேட்டியின் மகள்" என்றாள். குரல் முதலில் உடைந்தது. அப்புறம் நிமிர்ந்தது. "கேட்டி, சைமனின் மகள். சைமன், ஜானின் மகன். ஜான், ரானல்டின் மகன். ரானல்ட், பெரிய ஃபின்லேயின் மகன்!"

 என் அப்பா நாற்காலியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கேட்டி அவருக்கும் அம்மா. கேட்டி பிறந்தது ரானல்ட் வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தத்துக்குள்ளேயா என்று பாதிரியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டிவைத்த கல்யாணம் என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறோம். தெரிந்துகொண்டே ஒருவரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"அதெப்படி?" என்றார் லாக்கி தாத்தா. "கேட்டி எங்க வீட்டுக்கு வந்தவ. ஆங்கஸ் வீட்டு மருமக."

"வந்தவதான். எங்கேருந்து வந்தா? மரத்துலேர்ந்து விழுந்தாளா?"

"ஒருத்திக்கு ரெண்டு வீடா? இது என்ன புதுக் கூத்து?"

"ஹெக்டர் பெட்டி மேல விழுந்து அழுதப்போ அப்படிக் கேட்டியா? மாமன் மகனாச்சே, அவதான அழணும்னு நீதான என்னை முன்னாடி உக்கார வச்சே? அழறதுக்கு ரானல்ட் வீடு, ஆடறதுக்கு மட்டும் ஆங்கஸ் வீடா?"

பின்வரிசைப் பெண்கள் "அப்படிக் கேளு!" என்றார்கள். லாக்கி தாத்தாவின் காது சிவந்தது.

"அப்பா வழிதான் வழி. அப்படித்தான் சொல்லி வந்திருக்கோம்."

"சரி. உங்கம்மா வழியைச் சொல்லு சித்தப்பா. எனக்காக. ஒரே ஒரு தடவை."

"எங்கம்மா மேகி" என்றார் வீறாப்பாக. "மேகி, தபால்காரர் ஜேம்ஸோட பொண்ணு. ஜேம்ஸ்..."

நின்றார். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. பன்னிரண்டு தலைமுறையை மூச்சு விடாமல் சொல்கிற வாய் அது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து காத்திருப்பது போலத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியல" என்றார் கடைசியில். கோபமில்லை. ஆச்சரியம் மட்டும். "பத்து மாசம் சுமந்தவ. அவ தாத்தா பேர் எனக்குத் தெரியலையே."

அத்தை படியிலிருந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டினார், மறுபடி ஆட்டினார். பிறகு ஊன்றுகோலால் தரையை ஓங்கித் தட்டினார்.

"டேய் ஸ்டான்லி! வயலின் வில்லை எதுக்கு வச்சிருக்க, பல்லு குத்தவா? ரானல்ட் வீடு வந்தாச்சு!"

கூரை பறந்துவிடும் போலக் கத்தினார்கள். கோட்டுகள் பழைய கொக்கிக்கே போயின. ஆங்கஸ், நீல், ஆர்ச்சி வீட்டு ஜோடிகள் ஓடிவந்து மூன்று மூலையில் நின்றன. நான்காவது மூலையில் அத்தை தனியாக நின்றாள். மாமா எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஆல்பர்ட்டாவில் இருந்தார். இருபது வருடமாக அவள் முதல் ஆட்டத்தின்போது சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பவள். ஆடத் தெரியுமா என்றுகூட யாரும் கேட்டதில்லை.

"மலைக்கு அந்தப்பக்கத்தாரே, வாங்க!" என்று கையை நீட்டினாள்.

"எனக்கு ஒரு அடியும் தெரியாதே" என்றார் டங்கன்.

"இறால் தின்னத் தெரிஞ்சுதில்ல? வாங்க."

மாரிசோல் அவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். வயலின் பாய்ந்தது. அத்தையின் குதிகால்கள் பலகையில் பொரிந்தன, மழை முதன்முதலாகக் கூரையில் விழுமே அப்படி. டங்கன் இடம் போக வேண்டிய நேரத்தில் வலம் போனார், ஆர்ச்சி வீட்டுப் பெண்ணை இடித்தார், யாருக்கோ வணக்கம் சொன்னார். அத்தை அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி வரிசையில் கொண்டுவந்தாள். "இந்தப்பக்கம்! இந்தப்பக்கம்! ஆடு மேய்க்கிறவரா நீங்க?" ஹால் முழுக்கக் கைதட்டித் தாளம் போட்டது. நான் எந்த நாற்காலியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

முதல் ஆட்டத்தின் மூன்று சுற்றும் முடிந்தது. ஸ்டான்லி வில்லை இறக்கினார். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு யாரும் நிற்கவில்லை. மருமகள்களும் பெண்களும் வாசற்படியில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். "நான் சொல்றேன், எங்கம்மா நீல் வீடு!" "தள்ளுடி, எங்க பாட்டிக்கு ரெண்டு வழியும் உண்டு!" ஸ்டான்லி வில்லை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார், "அம்மாமார்களே, ஆடிக்கிட்டே சொல்லக் கூடாதா?"

லாக்கி தாத்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அத்தையிடம் வந்தார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மார்செல்லா, அடுத்த கூடுகைக்கு ஹாலை இப்பவே சொல்லி வச்சிடு. அப்புறம் கிடைக்காது."

"சொல்லி வச்சாச்சு" என்றாள் அத்தை, நிமிராமலே.

"எப்போ?"

"வசந்தத்துல. ஹெக்டர் சாவுக்கு மறுநாள்."