வசனம் எடுத்துக் கொடுத்தவள்

என் அத்தையை இப்போதெல்லாம் நீங்கள் மேடையில் பார்க்க முடியாது. ஆனால் எங்கள் நாடகக் குழுவில் அவள் வாயைத் திறக்காவிட்டால் மேடையில் யாரும் வாயைத் திறக்க முடியாது. பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தடுமாறுகிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கையில் பிரதி கிடையாது. எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

குழு என் அப்பாவுடையது. மேடையில் அவர் சிங்கம்தான், ஆனால் வசனம் மட்டும் மண்டையில் நிற்காது. அத்தை எதைக் கிசுகிசுக்கிறாளோ அதை அப்படியே வாங்கி முழங்குவார். அர்த்தம் மண்டையில் ஏறுவதற்கு முன்பே வார்த்தை வாயை விட்டுப் போயிருக்கும். தங்கை இல்லாவிட்டால் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்பதை ஒருநாளும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் நாடகம் ஒரு காதல் சோகம். நான் கதாநாயகி. அப்பாவுக்கு அப்பா வேஷம். மகளுக்குப் பிடிக்காத மாப்பிள்ளையை அவர் நிச்சயம் செய்வார். நான் காலில் விழுந்து கதறுவேன். அவர் அசைய மாட்டார். அடுத்த காட்சியில் விஷம் குடித்துச் செத்துப்போவேன். ஜனம் மூக்கைச் சிந்தும். எனக்கோ அந்தக் கதாநாயகி மேல் எரிச்சல்தான் வரும். இவ்வளவு அழத் தெரிந்தவளுக்கு வாசல் கதவைத் திறக்கத் தெரியாதா?

எனக்கு முன்னால் அந்த வேஷம் அத்தையுடையது. தனக்குப் பிடித்தவருக்காக அவள் நிஜமாகவே ஒருமுறை அப்பாவின் காலில் விழுந்திருக்கிறாள். அன்றும் அவர் அசையவில்லை. அதன் பிறகு அவள் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, மேடையும் ஏறவில்லை.

அப்புறம் என் முறை வந்தது. லைட் போடுகிறவரை எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்கோ அரங்கத்தின் முதலாளியைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு என்னைக் கொடுத்தால் மேடை நம்முடையது என்று கணக்குப் போட்டு, என்னைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார். அன்றைய மாலைக் காட்சிக்கு முதலாளி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் மேடையிலேயே அறிவிப்பதாக ஏற்பாடு.

அந்தக் காட்சி வந்தது.

"நான் சொல்பவனை மணந்துகொள்! இல்லையேல் என் முகத்தில் விழிக்காதே!" என்று அப்பா கர்ஜித்தார்.

நான் விழ வேண்டும். விழவில்லை, நின்றுகொண்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று அத்தை நினைத்துவிட்டாள்.

"கால்ல விழும்மா. 'அப்பா, இரங்குங்கள்'னு சொல்லு," என்று கிசுகிசுத்தாள்.

"மறக்கலை அத்தை," என்றேன், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "விழ மாட்டேன். முன்னாடி உக்காந்திருக்காரே, அவரைக் கட்டிக்கவும் மாட்டேன். விஷமும் குடிக்க மாட்டேன். எனக்குப் பிடிச்சவர் அதோ மேல லைட்டைப் பிடிச்சிட்டு நிக்கிறார்."

லைட் ஒரு ஆட்டம் ஆடியது.

அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. பழக்க தோஷம், கண் பக்கத் திரைக்குப் போனது.

அத்தை முக்காலியை விட்டு எழுந்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தாள்.

"மகளே, உன் மனம் விரும்பியவனையே மணந்துகொள்."

"மகளே! உன் மனம் விரும்பியவனையே மணந்துகொள்!" என்று அப்பா கடைசி வரிசைவரை முழங்கினார்.

கைதட்டலில் கூரையே பிய்த்துக்கொண்டு போயிற்று. முதலாளி எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தார். என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அத்தை திரையை இழுத்துவிட்டாள்.

"படுபாவி, குடியைக் கெடுத்திட்டியே!" என்று அப்பா அவள் மேல் பாய்ந்தார். "அத்தனை பேர் முன்னாடி என் வாயாலேயே சொல்ல வெச்சிட்டியே! இப்போ நாடகம் என்ன ஆகறது? அவ சாகணும்டி, அப்பதான் கதை முடியும்!"

அத்தை அடுத்த காட்சிக்கு வைத்திருந்த விஷக் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

"அவ சாக மாட்டாண்ணா. என்னை ஒரு தடவை சாகடிச்சியே, அது போதும். கதை முடிஞ்சே ஆகணும்னா, இந்தா, நீ குடி. வெறும் கலர் தண்ணிதான்."