அக்காவுக்கு நான் பார்த்து வைத்த விவாகரத்து

அத்தானைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தால் அரசாங்கம் அக்காவின் வீட்டை எடுத்துக்கொள்ளும், அதோடு நிற்காமல் அவளுடைய தாலிக்கொடியையும் நிறுத்துப் பார்த்துக் கணக்கில் ஏற்றும் என்று நான் மனமார நம்பினேன். நம்பியதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கனத்த கொடியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, என் வீட்டு பிறீசரில், சுறாக் கருவாட்டுப் பொதிகளுக்கு நடுவே புதைத்து வைத்தேன். எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்தாலும் கருவாட்டைத் தாண்டிக் கைவைக்கமாட்டார் என்பது என் கணக்கு. அக்காவின் கழுத்தில் அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் கயிறு. நானோ கியூபெக்கில் புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு பெரிய களஞ்சியத்துக்கு மேற்பார்வையாளன், ஐம்பது வயதைத் தாண்டியவன், கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிறவன். அப்படிப்பட்டவனின் மூளையில் உதித்த திட்டம் இது.

அக்காவின் கணவரைத்தான் அத்தான் என்கிறேன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையல்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்த விருந்துக்குப் போனாலும் கறியை விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதைப் பிளேனிலை குடுத்தால் சனம் நடுவானத்திலை இறங்கிப் போயிடும்" என்று என் காதுக்குள் சொல்வார். அந்த மனிதருக்குத்தான் மறதி நோய் வந்தது. முதலில் வீட்டைப் பூட்டிய திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடினார், பிறகு எந்த வீட்டுக்குத் திறப்பு என்று கேட்டார். ஒரு பெப்ரவரிக் காலையில், வீட்டுச் செருப்போடு, பனி குவிந்த பஸ் தரிப்பிடத்தில் டோர்வலுக்கு வேலைக்குப் போக நின்றுகொண்டிருந்தவரை அயலவர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு குளியலறையில் அவரைத் தாங்கப்போய் அக்காவும் சேர்ந்து விழுந்தாள். அவளுடைய இடக்கை மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. இனி இவரை வீட்டில் வைத்துப் பார்க்க உங்களால் முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அக்கா அழுதாள். நான் பயந்தேன். அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது அத்தானின் ஓய்வூதியத்தில். அக்காவும் காலமெல்லாம் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவள்தான். ஆனால் பாதிச் சம்பளம் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்ட சம்பளம், எந்தப் பதிவிலும் இல்லை. அத்தானின் பணம் இல்லத்துக்குப் போனால் இவள் எதில் சாப்பிடுவாள், வீட்டு வரியை எதில் கட்டுவாள்?

இந்தக் கேள்வியோடு ஒரு பிறந்தநாள் கொண்டாட்ட மண்டபத்துக்குப் போனது என் பிழை. அங்கே எல்லாச் சட்டமும் தெரிந்த அண்ணை ஒருவர் இருந்தார். கோழிப் பொரியலைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார். "தம்பி, உவங்கள் முதலிலை வீட்டிலைதான் கைவைப்பாங்கள். கெதியா உன்ரை பேருக்கு மாத்து. பேந்து ரெண்டு பேரையும் பேப்பரிலை பிரிச்சு விடு." யார் சொன்னது என்று விசாரித்தேன். அவருடைய சகலனின் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததாம். மேசையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவரும் ஊரில் யுத்தத்தின்போது ஒரு முறையாவது வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியவர்கள். சீருடைக்காரர் குடியேறிய வீட்டை முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். கோப்போடு ஒரு அதிகாரி வருகிறார் என்றால், எதையோ எடுத்துப் போகத்தான் வருகிறார் என்று எங்கள் உடம்பு தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

நான் சொத்து உறுதி எழுதும் நொத்தாரிசிடம் ஓடினேன். வீட்டுக்கு உரியவர்கள் எங்கே என்று அவர் கேட்டார். இருமினேன். அண்மையில் கைமாற்றிய சொத்தையும் விசாரிப்பார்கள், அதைவிட நாளைக்கு நீங்கள் கடனாளியானால் உங்கள் அக்கா தெருவில் நிற்பார் என்று பொறுமையாகச் சொன்னார். இவரும் அரசாங்கத்தின் ஆள்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மிச்சம் இருந்தது விவாகரத்து; பேப்பரில் பிரிந்துவிட்டால் அத்தானின் செலவுக்கு அக்காவின் பங்கில் கைவைக்க முடியாது என்பது அண்ணையின் கணக்கு. அதைச் சொல்லப் போன மாலை அக்கா சமையலறை மேசையில் அத்தானின் சட்டைகளைக் குவித்து வைத்திருந்தாள். இல்லத்தில் உடுப்புகள் மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கவேண்டுமாம். மற்றவர்கள் பேனையால் எழுதுவார்கள். அக்கா, கட்டுப்போட்ட கையின் விரல் நுனிகளால் துணியைப் பிடித்துக்கொண்டு, கழுத்துப்பட்டியின் உள்பக்கம் நீல நூலால் அத்தானின் பெயரைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமி, கடதாசியில் மட்டும்தான், சும்மா பெயருக்குத்தான் என்று தொடங்கினேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"டேய், எனக்குக் கலியாணம் பேசேக்கை நீ மேசைக்குக் கீழை இருந்து வடை திண்டனி. இப்ப விவாகரத்துப் பேச வந்திட்டியோ?"

வீடு போய்விடும் அக்கா என்றேன். அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "அந்த மனிசனுக்கு இன்னும் மறக்காமல் இருக்கிறது என்ரை பேர் ஒண்டுதான். அதையும் நான் வெட்டி விடுறதோ?"

 ஆனாலும் பயம் போகவில்லை. சரி, விவாகரத்து வேண்டாம், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நெடுநாளாக மனதால் பிரிந்துதான் வாழ்கிறார்கள் என்றாவது அதிகாரியிடம் சொல்லுவோம் என்று மன்றாடினேன்.  அக்கா தாலிக்கொடியை மட்டும் கழற்றித் தந்தாள், என் புலம்பல் நின்றால் போதும் என்று.

சமூகப் பணியாளரைச் சந்திக்கும் நாளும் வந்தது. அக்காவுக்கு என் மனைவியின் பழைய குளிர் அங்கியை, பொத்தான் அறுந்ததாகப் பார்த்துத் தேர்ந்து, போட்டுவிட்டேன். வறுமை பார்த்த உடனே தெரியவேண்டும் அல்லவா. பணியாளர் இளம்பெண், கியூபெக்காரி, கனிவான முகம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என்னிடம் இருந்த மிகச் சிறந்த பிரெஞ்சில், இந்தத் தம்பதியின் இதயங்கள் பிரிந்து எவ்வளவோ காலம் என்று உருக்கமாக ஆரம்பித்தேன். நாடகத்தில் நடித்திருந்தால் பரிசு கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணின் பேனை நின்றது. அக்காவை இரக்கத்தோடு பார்த்தாள்.

ஒன்றை மறந்துவிட்டேன். தையல் தொழிற்சாலையில் அக்காவுக்குச் சம்பளத்தோடு கொஞ்சம் பிரெஞ்சும் கிடைத்திருந்தது. இலக்கணம் இல்லாத, மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகிய பிரெஞ்சு. கட்டுப்போட்ட கையை மேசையில் வைத்து, "நோ, மதாம். மொன் மாரி. மலாட். மலாட், செ தூ" என்றாள். என்னுடைய புருசன், நோய், நோய் மட்டும்தான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "நீ வாயை மூடிக்கொண்டு இரு."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வீடு கண்முன்னே கரைந்தது. அந்தப் பெண்ணோ பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மதாம் சொன்னதுதான் எனக்குத் தேவை என்றாள். பிறகு அவள் விளங்கப்படுத்தியதை நான்தான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவேண்டி வந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. அக்கா அந்த வீட்டில் குடியிருக்கிறாள், அதை விற்கச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். இல்லத்துக்குக் கட்டும் தொகையைக் கணக்கிடும்போது, வெளியே இருக்கும் மனைவியின் தேவைக்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். கணவனும் மனைவியும் விரும்பிப் பிரியவில்லை, நோய்தான் பிரித்தது என்று உண்மையை எழுதிக் கொடுத்தால், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசாங்கம் கொடுக்கும் மேலதிகத் தொகையை இருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் அக்காவின் கைக்கு முன்னைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

வீட்டை யாருக்காவது அண்மையில் எழுதிக் கொடுத்தீர்களா என்று கடைசியாகக் கேட்டாள். "நோ" என்று அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அவ்வளவு கருவாட்டைக் கிளறியதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

வெளியே வந்ததும் அக்கா பொத்தானில்லாத அங்கியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, அந்தக் குளிரில் வெறும் சுவெற்றரோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெற்றோவுக்கு எனக்கு முன்னால் நடந்தாள். நான் அங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சில மாதம் கழித்து, தாயாரை இல்லத்தில் சேர்க்கும் நிலை வந்தபோது, சட்டம் தெரிந்த அந்த அண்ணை எனக்கு அழைக்கவில்லை, அக்காவுக்கு அழைத்தார். வீட்டுக்கு ஒன்றும் நடக்காது என்று தனக்கு முதலே தெரியுமாம். ஆனாலும் தங்கச்சி ஒருக்கால் கூட வந்தால் நல்லதாம். அக்கா போனாள். இப்போது அவளுக்கு அப்படியான அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. யாருக்கும் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறாள்: "உள்ளதைச் சொல்லுங்கோ. தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

நடந்தது இவ்வளவுதான். அத்தான் இல்லத்தில் இருக்கிறார். வீடு அவர்கள் இருவரின் பெயரிலேயே இருக்கிறது. யாரும் வந்து எதையும் எடுக்கவில்லை. தாலிக்கொடி அக்காவின் கழுத்துக்குத் திரும்பிவிட்டது. அக்காவுக்கு மாதாமாதம் வரும் பணம் கூடியிருக்கிறது, வரியைத் தானே கட்டுகிறாள். மத்தியானத்தில் பஸ் எடுத்துப் போய் அத்தானுக்குச் சோற்றை வாயில் தீத்துகிறாள். அவர் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.