சிலேட்டில் எழுதிய கடவுச்சொல்

என் மாமனாருக்குச் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை. கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் நுழைந்ததும் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் அன்றைய பித்தளை விலை, அதற்குக் கீழே எங்கள் வைஃபை கடவுச்சொல். காலையில் சாமி கும்பிட்ட கையோடு இரண்டையும் சாக்பீஸால் புதிதாக எழுதுவார்.

கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல், ஒரு சொம்பு தண்ணீர், ஃபேன் காற்று. அவருடைய அப்பா காலத்து வழக்கமாம். அந்த வரிசையில் நெட்டும் சேர்ந்துகொண்டது. கல்யாணச் சீர் வாங்கத் தொண்டூரிலிருந்து வருகிறவர்கள் குடத்தைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து சரி என்று பதில் வந்த பிறகுதான் வாங்குவார்கள். அது வியாபாரம், போகட்டும். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிறவர், எதிர்க்கடையில் டீ குடிக்கிறவர், யார் எவரென்றே தெரியாதவர் எல்லாரும் எங்கள் வாசலில் நின்று படம் பார்ப்பார்கள். ஒருவரையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை.

மேலே அறையில் உட்கார்ந்து நான் செய்த வேலை, வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்காக டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது. யாருக்குக் கர்ப்பம் கலைந்தது, யாருக்கு மார்பில் கட்டி, எல்லாம் என் காதுக்கு வரும். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த வேலை ஒன்றுதான். வீட்டு ரவுட்டர் பழையது, பாதுகாப்பு போதாது, மாற்றாவிட்டால் வேலை தர முடியாது என்று அலுவலகத்தில் சொன்னதும் என் சம்பளத்திலேயே புதியது வாங்கி வந்தேன்.

பழையதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதை நானே மாட்டினேன். பழைய பெட்டிக்குத் தெரியாத புதுவகைப் பாதுகாப்பு இதில் இருந்தது. நீளமாக ஒரு கடவுச்சொல் வைத்துக் கணவரிடம் மட்டும் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நெட் இல்லாமல் போக வேண்டாம் என்று, என் வேலையோடு கலக்காத தனி இணைப்பு ஒன்றையும் அதிலேயே அமைத்துவிட்டு மாமனாரிடம் போனேன்.

"மாமா, கடைக்கு வர்றவங்களுக்குத் தனியா ஒண்ணு வச்சிருக்கேன். அத சிலேட்டுல எழுதிக்கங்க."

"தனியாவா? இன்னாம்மா இது, வூட்டுக்கு வந்தவங்கள பின்வாசல் வழியா வான்னு சொல்ற மாதிரி? நம்ப குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் வேலை போய்விடும் என்றேன். "ஒண்ணும் ஆவாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு ஈயச்சொம்பைத் துடைக்க ஆரம்பித்தார். நான் நிற்கிறேன் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கொஞ்ச நாள் சத்தமில்லாமல் போனது. அடங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன். ஒரு காலை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். என் இணைப்பைச் சோதித்தார்களாம், அதில் தெரியாத போன்கள் வரிசை கட்டி நிற்கின்றனவாம். புது ரவுட்டரின் பின்னால் பார்த்தால் நான் செருகாத ஒயர் ஒன்று ஜன்னல் வழியாகக் கீழே இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே கடைக்குப் போனேன். சாமி படத்துக்குப் பின்னால், சந்தனமும் குங்குமமும் வைத்து, பழைய ரவுட்டர் விளக்கெரிய உட்கார்ந்திருந்தது. சிலேட்டில் பழைய கடவுச்சொல் அப்படியே இருந்தது; அதைப் போட்டு நுழைந்த போன்கள் எல்லாம் அந்த ஒயர் வழியாக என் இணைப்புக்கே வந்திருந்தன.

கடையில் நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு தவலையைப் பார்த்தார்.

"நைனாதான் கேபிள்காரர கூப்ட்டு மாட்டச் சொன்னாரு. நல்லா இருக்கற பொருள ஏன் தூக்கிப் போடணும்னாரு. என்னிய இன்னா பண்ணச் சொல்ற?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்றேன்!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. பழையதை ஒயரோடு பிடுங்கினேன். குங்குமம் கையெல்லாம் ஒட்டியது. வந்தவனுக்கெல்லாம் மரியாதை உண்டு இந்த வீட்டில், மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் மட்டும் கிள்ளுக்கீரை. அன்று பற்றிக்கொண்ட எரிச்சல் இதை எழுதும்போதும் அணையவில்லை.

அலுவலகத்தில் கெஞ்சினேன். வீட்டில் இருந்தவர்கள் செய்தது என்றால் அதை யார் நம்புவார்கள்? நோயாளிகள் விஷயம், மன்னிக்கவும் என்றார்கள். அந்த வாரமே வேலை போனது.

மாமனாரிடம் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வருத்தப்படுகிறார் என்றே நினைத்தேன். பிறகு சிலேட்டை மடியில் எடுத்து வைத்து, பழைய கடவுச்சொல்லை ஈரத்துணியால் அழித்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேலதான் இல்லன்னு ஆயிட்ச்சே. இனிமே உனக்கு எதுக்கும்மா தனி பாஸ்வேர்டு? சொல்லு, எழுதிக்கறேன்."

நான் மாடிக்குப் போனேன். கணவருக்குத் தெரிந்திருந்த கடவுச்சொல்லையும் மாற்றினேன். சிலேட்டில் இப்போது பித்தளை விலை மட்டும்தான் இருக்கிறது.